பொருந்தினால்தான் கவசம்

விபத்தில் தலையில் அடிபட்டு வருபவரின் உறவினரிடம், "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்று கேட்பது எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் வழக்கம். "போட்டிருந்தார் டாக்டர், விழும்போது கழன்று ஓடிவிட்டது" என்ற பதிலை எத்தனையோ இரவுகளில் கேட்டிருக்கிறேன். ஒருமுறை, அடிபட்ட இளைஞனின் அண்ணன் அந்தத் தலைக்கவசத்தைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். அதில் சிறு கீறல்தான். தம்பியின் மண்டையோட்டில் விரிசல், உள்ளே ரத்தக்கசிவு. தாடைப் பட்டை கடையில் வாங்கியபோது இருந்த நீளத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் ஒருநாளும் மாட்டியதில்லை.

அன்றிலிருந்து 'கவசம்' என்ற சொல்லை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஆங்கிலத்தின் 'ஆர்மர்', லத்தீனில் போர்க்கருவிகளைக் குறிக்கும் 'அர்மா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் அடியில் இருக்கும் மூல வேருக்கு மொழியறிஞர்கள் சொல்லும் பொருள் 'பொருத்துதல்'. தோளோடு பொருந்திய கையைக் குறிக்கும் 'ஆர்ம்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். கடினம், இரும்பு என்ற பொருளெல்லாம் அந்த வேரில் இல்லை.

நம் மொழியிலும் கேடயத்தைப் பிடிக்கிறோம், கவசத்தை அணிகிறோம். பதிற்றுப்பத்து சேர மன்னனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறது; வீரர்களுக்குக் கவசம் போன்றவன் என்று பொருள். மெய்யை மறைப்பதால் மெய்ம்மறை. கர்ணனின் கவசமோ உடம்போடு ஒட்டியே பிறந்தது. அதை அறுத்துத்தான் கொடுக்க முடிந்தது. பெட்ரோல் டேங்கின் மேலும் முழங்கையிலும் தலைக்கவசத்தைக் கொண்டுபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

மேலோடு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்து வாங்குகிறோம். உயிரைக் காப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்குக்கு உண்டு. மோதும்போது அது நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் தாமதமாக நிற்கும்படி செய்கிறது. மூளைக்குப் போகும் அதிர்ச்சி அந்த நொடிப்பொழுதில்தான் குறைகிறது. அந்த நேரத்தில் அது தலைக்கும் தரைக்கும் நடுவில் இருந்தாக வேண்டும்.

லண்டனின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். 1935 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் அவரும் ஒருவர். தலைக்கவசம் அணியாத லாரன்ஸ் ஆறு நாட்களில் இறந்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்காயங்கள் குறித்த கெய்ர்ன்ஸின் ஆய்வுக் கட்டுரை 1941-இல் வெளிவந்தது.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவும் பட்டையால் தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டதையே தலைக்கவசம் என்கிறது.

இன்று வண்டியை எடுக்கும்முன் தாடைப் பட்டையை மாட்டுங்கள். தாடைக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் போதும். பிறகு கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால், அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் உங்கள் அளவு இல்லை. ஒருமுறை விபத்தில் அடி வாங்கிய கவசத்தை, வெளியே பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நசுங்கிய தெர்மாகோல் மீண்டும் எழும்பாது.