செருப்பு கழன்றது தெரியாத கால்: நடையை அளப்பது எப்படி?

சிலர் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பத்தடி நடந்திருப்பார்கள். பாதத்தின் உணர்வு நரம்பு பழுதாகியிருப்பதற்கு அது ஓர் அடையாளம். பரம்பரை நரம்பு நோய்களில் அதிகம் காணப்படும் சார்கோ-மேரி-டூத் நோயில் நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். ஆகவே தொல்லை பாதத்தில் தொடங்கும். பாதத்தைத் தூக்கும் தசை வலுவிழந்து நுனி தொங்கும். அது தடுக்காமலிருக்க, முழங்காலைத் தூக்கித் தூக்கிச் சேற்றில் நடப்பதுபோல் நடப்பார்கள்.

'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொல்வதுண்டு. சில வகைகளுக்கு அது பொருந்தும். ஆனால் பரவலான 1ஏ வகைக்குக் காரணம், 17ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 மரபணு ஒரு பிரதி கூடுதலாக இருப்பது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே வரலாம்.

பிசியோதெரபி பலன் தருகிறதா என்று பார்க்க, டேப்பும் ஸ்டாப்வாட்சும் போதும். தரையில் 14 மீட்டர் அளந்து, 2ஆம் மீட்டரிலும் 12ஆம் மீட்டரிலும் கோடு போடுங்கள். முன்கால் முதல் கோட்டைத் தாண்டும்போது அழுத்தி, அடுத்த கோட்டைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். வேகமெடுப்பதும் குறைப்பதும் ஓரங்களிலேயே முடிந்துவிடும். நடுவிலுள்ள 10 மீட்டருக்கு 12.5 விநாடி ஆனால், வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். மூன்று முறை நடக்கவைத்துச் சராசரி எடுங்கள். அளப்பவர் அரை எட்டு பின்னாலேயே வரவேண்டும். முன்னால் போனால் நோயாளி அவர் வேகத்துக்கு நடந்துவிடுவார்.

போன மாதம் ஷூவும் ஸ்பிளின்ட்டும் (பாதம் தொங்காமல் தாங்கும் பட்டை) போட்டு நடந்துவிட்டு, இந்த மாதம் ரப்பர் செருப்பு என்றால் இரண்டு எண்ணையும் ஒப்பிடவே முடியாது. கோளாறு பெரும்பாலும் இங்கேதான். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் இன்னொரு சோதனைக்கு 30 மீட்டர் நீளம் வேண்டும். 15 மீட்டர் வராந்தாவில் வைத்தால் திரும்பும் தடவைகள் இரட்டிப்பாகி, தூரம் குறைந்து தெரியும்.

சமநிலைக்குக் கண், உட்காது, பாதத்தின் உணர்வு மூன்றும் தகவல் தருகின்றன. பாதத்தை ஒட்டி வைத்து நிற்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொன்னால், உணர்வு குறைந்தவர் ஆடிப்போவார். முகத்துக்குச் சோப்புப் போடும்போது தள்ளாடுவதும் இதனால்தான். தாங்கிப் பிடிக்க ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

டைல்ஸ் தரையில் கிடைத்த எண், ராகிக் கொல்லை வரப்பில் இருட்டியபின் நடப்பதைச் சொல்லாது. அதற்கு, விழுந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதக் காலண்டராக இருக்கட்டும். தினசரித் தாளில் குறித்தால் மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.