நோக்கும் இடமும் வாழ்வின் நோக்கமும்

பௌர்ணமி மாலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்பவர்களுக்கு, வங்கக்கடலின் விளிம்பிலிருந்து எழும் நிலா மிகப் பெரிதாகத் தெரிகிறது. நள்ளிரவில் அதுவே உச்சிக்கு வந்ததும் சுருங்கிப்போனதாகத் தோன்றுகிறது. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, எழும் நிலா அதன் துளைக்குள் சரியாக அடங்கும்படி அளவு பார்த்து ஒட்டி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மீண்டும் அதன் வழியே நோக்கினால், நிலா முன்போலவே அடங்குவதைக் காணலாம். வானில் அது பிடிக்கும் இடம் இரு வேளையிலும் ஏறத்தாழ அரைப் பாகைதான். நுணுக்கமாகப் பார்த்தால், அடிவானத்தில் இருக்கும்போது நிலா நமக்குப் புவியின் ஆரம் அளவுக்குக் கூடுதல் தொலைவில் இருப்பதால், அப்போதுதான் அது ஒன்றரை விழுக்காடு அளவுக்குச் சிறியது.

பார்வை என்பது நமக்குத் தெரியாமலே நடக்கும் ஓர் அனுமானம் என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களில் விளக்கினார். அருகிலுள்ள சிறிய பொருளும் தொலைவிலுள்ள பெரிய பொருளும் விழித்திரையில் ஒரே அளவுள்ள பிம்பத்தை விழச் செய்யலாம் என்பதால், மூளை தன் முன்னனுபவத்தைக் கொண்டு தொலைவை ஊகித்து, அதற்கேற்ப அளவைத் திருத்திக் காட்டுகிறது. நிலாவைப் பார்க்கும்போது அந்தத் திருத்தம் எப்படித் தடம் மாறுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குழல் சோதனையைச் செய்து முடித்தவருக்கும் அடுத்த பௌர்ணமியில் நிலா பெரிதாகவே தெரியும். நாம் அறிந்து ஏற்கும் கருத்துக்கு முன்பே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதைக் கேட்டவுடன் ‘அவரவர்க்கு அவரவர் உண்மை’ என்ற முடிவுக்குப் பலர் தாவிவிடுகிறார்கள். அது சோம்பலில் பிறந்த முடிவு என்பது என் எண்ணம். நோக்குகள் வேறுபடுவதையே அளவுகோலாக்கி உண்மையைக் கண்டடைந்த வரலாறு ஒன்று உண்டு. அதில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சூரியனின் முகத்தைக் குறுக்காகக் கடந்து செல்லும் வெள்ளிக் கோளை, புவியின் வெவ்வேறு இடங்களில் இருப்பவர்கள் சற்றே வெவ்வேறு பாதைகளில் காண்பார்கள். நீட்டிய கட்டைவிரலை ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது அது எதிர்ச்சுவரில் இடம் மாறுவதைப் போன்றதே இது. வானியலார் இதனை இடமாறு தோற்றம் என்பர். பார்த்த இடங்களுக்கிடையேயான தொலைவும் பாதைகளின் வேறுபாடும் தெரிந்தால், சூரியனின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1716இல் எடுத்துக்காட்டினார். எல்லோரும் ஒரே காட்சியைக் கண்டால் இந்த அளவீட்டுக்கே வழியில்லை. தான் எங்கே நின்று பார்த்தேன் என்பதை ஒவ்வொருவரும் சரியாகக் குறித்துவைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த வேலைக்காகப் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தி 1760இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள், 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது, ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில், ஆடும் தளத்தின் மேல் நின்று வெள்ளியைக் கண்டார். கண்ட இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகச் சொல்ல முடியாததால் அந்தக் காட்சி கணக்குக்குப் பயன்படவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வரும் அடுத்த வாய்ப்புக்காக அவர் தாயகம் திரும்பாமல் கிழக்கிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை ஏழு மணியளவில் வெள்ளி சூரியனை விட்டு விலகும் வரை வானத்தை மேகம் மூடியிருந்தது. அதன் பிறகுதான் வெளுத்தது. வேறிடங்களில் திரட்டப்பட்ட அளவீடுகளைக் கொண்டு பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து 1771இல் சூரியனின் தொலைவை ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணித்தார். இன்று நாம் அறிந்த சராசரி 14.96 கோடி.

அந்த 1769இலேயே வேறொரு சிக்கலும் தலைகாட்டியது. தஹிதித் தீவில் ஒரே இடத்தில் நின்று பார்த்த ஜேம்ஸ் குக்கும் சார்லஸ் கிரீனும், வெள்ளி சூரிய விளிம்பைத் தொட்ட நேரத்தைச் சில வினாடி வேறுபாட்டுடன் குறித்தனர். 1796இல் கிரீன்விச் ஆய்வுக்கூடத்தில், தொலைநோக்கியின் கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தைத் தலைமை வானியலாளர் மாஸ்கலினைவிட 0.8 வினாடி தாமதமாகக் குறித்துவந்த உதவியாளர் வேலையை இழந்தார். பின்னாளில் அதைப் படித்த ஜெர்மானிய வானியலாளர் பெசல், திறமையான வானியலாளர்களிடையேயும் இத்தகைய வேறுபாடு நிலையாக இருப்பதையும், சிலரிடையே அது ஒரு வினாடிக்கு மேலும் செல்வதையும் கண்டார். அதற்குப் பிறகு வானியலார் ஒவ்வொரு நோக்கருக்கும் உரிய திருத்தத்தை அளந்து கணக்கில் சேர்க்கத் தொடங்கினர். மனத்தை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் அறிவியலுக்கு அடித்தளம் இட்டவற்றுள் இதுவும் ஒன்று. வேலை போன உதவியாளருக்குத்தான் அதனால் ஒரு பயனும் இல்லை.

நோக்கரின் பின்னணி வினாடிகளை மட்டுமல்ல, நூற்றாண்டுகளையும் நகர்த்தும். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், ரோமானியத் தொல்லியலில் ஊறியவர். அங்கு கிடைத்த இத்தாலிய மட்கல ஓடுகளையும் மதுச்சாடிகளின் துண்டுகளையும் கண்டதும், அவர் அதை ரோமானிய வணிகத்துக்காக எழுந்த ஊராகவே வாசித்தார். உட்புறத்தில் பல்சக்கரம் உருட்டியது போன்ற புள்ளி வளையங்கள் கொண்ட மெல்லிய கருஞ்சாம்பல் தட்டுகளையும் மத்தியதரைக்கடல் பகுதியோடு சேர்த்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மீண்டும் அகழ்ந்தபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததும், அந்த வணிகம் ஓய்ந்த பின்னும் ஊர் தொடர்ந்ததும் தெளிவாயின. புள்ளி வளையத் தட்டுகளின் மண்ணைப் பகுத்தாய்ந்தவர்கள் அவற்றின் பிறப்பிடமாக வங்கத்துக் கங்கைச் சமவெளியைச் சுட்டினர். ஆயினும் வீலரின் நோக்கை வெறும் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. காலம் உறுதியாகத் தெரிந்த இத்தாலிய ஓடுகளை அவர் அடையாளம் கண்டதால்தான், அதுவரை காலம் கணிக்க வழியின்றிக் கிடந்த தென்னிந்திய மண்ணடுக்குகளுக்கு ஒரு கால அளவுகோல் கிடைத்தது. அவரைப் பார்க்கவைத்ததும் பார்க்கவிடாமல் மறைத்ததும் ஒரே பயிற்சிதான்.

உண்மையைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். வாழ்வின் நோக்கத்தைப் பற்றி அறிவியல் இன்னும் சிக்கனமாகவே பேச வேண்டும்; இன்னதுதான் நோக்கம் என்று விதிக்கும் கருவி அதனிடம் இல்லை. ஒருவர் தன் நோக்கமாக எதைக் கொள்கிறார் என்பது அவர் நிற்கும் இடத்தோடு எப்படி மாறுகிறது என்பதை அது அளக்க முடியும். வெள்ளியைத் தவறவிட்ட லெ ஜான்தி 1771இல் தாயகம் திரும்பியபோது, இறந்துவிட்டவராகக் கருதப்பட்டு, அறிவியல் கழகத்தில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. சூரியனின் தொலைவைத் தேடியவர்களின் கணக்கில் அவருடைய பதினோர் ஆண்டுகளும் வீண். ஆனால் புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில், சோழிகளை நகர்த்தியே கிரகணங்களைக் கணித்த தமிழர்களிடம் அவர் அந்த முறையைக் கற்று எழுதிவைத்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அம்முறை 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பாவில் போற்றப்பட்ட, ஜெர்மானிய வானியலாளர் மாயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகவும் தந்தன. தமிழர் வானியலின் வரலாற்றை எழுதுபவருக்கு லெ ஜான்தி தவிர்க்க முடியாத சாட்சி.

நோக்கங்களை மாற்றும் நிலைகளில் நன்கு ஆராயப்பட்டது, எஞ்சியிருப்பதாக நாம் கருதும் காலம். அமெரிக்க உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய வினாவைக் கேட்டனர்: அரை மணி நேரம் ஓய்வாகக் கிடைத்தால், நெருங்கிய உறவினர், நீங்கள் படித்த புத்தகத்தை எழுதியவர், ஒத்த மனம் உடையவராகத் தோன்றும் புதிய அறிமுகம் ஆகிய மூவரில் யாரோடு செலவிடுவீர்கள்? முதியவர்கள் பெரும்பாலும் உறவினரைத் தேர்ந்தனர். இளைஞர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. விரைவில் தனியாகத் தொலைதூரம் குடிபெயரப் போவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னபோது இளைஞர்களும் உறவினர் பக்கம் திரும்பினர். புதிய மருத்துவத்தால் வாழ்நாள் 20 ஆண்டு கூடும் என்று எண்ணிக்கொள்ளச் சொன்னபோது முதியவர்களின் சாய்வு மறைந்தது. ஆகவே, வயது முதிர்ந்தால் வரும் பக்குவம் என்று நாம் பாராட்டுவதில் ஒரு பகுதியாவது காலக்கணக்கின் விளைவு. 2003இல் சார்ஸ் நோய் பரவிய ஹாங்காங்கில் இளைஞர்களின் விருப்பங்களும் முதியவர்களுடையவற்றை ஒத்து நகர்ந்ததை இதே துறையினர் பதிவு செய்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட கடலூர்க் கரையோரத்தார் பலர், அந்த அரை மணி நேரத்தை யாரோடு செலவிடுவது என்று யோசிக்கக்கூட மாட்டார்கள்.