மீட்டர் ஓடலன்னா தேவையே இல்லன்னு அர்த்தமா?

2012ல சென்னைக்கு வெளிய இருந்தவங்களக் கேளுங்க, கரண்ட் எப்ப வரும்னு பாத்து மாவு அரைச்ச காலம் அது. கரண்ட் இல்லாத நேரம் மீட்டர் ஓடாது. இப்ப அந்த ரீடிங்க மட்டும் வச்சு அடுத்த இருபது வருஷத்துக்கு எவ்ளோ கரண்ட் வேணும்னு கம்ப்யூட்டர் மாடல்ல போட்டா, ஓடாத கிரைண்டர், சுத்தாத ஃபேன் எல்லாம் "இவங்களுக்குத் தேவையில்ல"ன்னு கணக்குல ஏறிடும்.

வளரும் நாடுகளுக்கு இந்த மாதிரி எனர்ஜி மாடல் ஒண்ண தேர்ந்தெடுக்கறதுல முதல் சிக்கலே இதான். 1970கள்ல எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் பணக்கார நாடுகள் சேந்து உருவாக்கின மார்க்கல்ங்கற மாடல், அதோட வாரிசு டைம்ஸ், இதெல்லாம் எது மலிவோ அதைத் தேடிப் பிடிக்கறதுல கில்லாடி, ஆனா எல்லாத்துக்கும் ஒரு விலை கேக்கும். காட்டுல சுள்ளி பொறுக்கிட்டு வந்து சோறாக்கற வீட்டுக்கு எந்த பில்லைக் காட்டறது?

அதுக்கு லீப்னு இன்னொரு மாடல் பரவால்ல. எத்தன வீடு, எத்தன வீட்ல விறகடுப்பு, எத்தன வீட்ல கேஸ், ஒரு அடுப்புக்கு வருஷத்துக்கு எவ்ளோன்னு கீழ இருந்து எண்ணிக்கிட்டே மேல போகும். டேட்டா கம்மியா இருந்தாலும் கைய விரிக்காது.

எனக்கு ரொம்ப சுவாரசியமானது வாஸ்ப்ங்கற மாடல் தான், புதுசா என்ன பவர் பிளான்ட் கட்டணும்னு திட்டம் போடறதுக்கு. சர்வதேச அணுசக்தி முகமை நாடுகளுக்குக் குடுக்கறது, இலங்கை மின்சார சபையும் ரொம்ப காலம் இத வச்சுத்தான் திட்டம் போட்டுச்சு. வருஷத்த சில பகுதியா பிரிச்சு, ஒவ்வொரு பகுதியிலயும் இருக்கற மணி நேரங்கள, ஸ்கூல் பிரேயர்ல உயரப்படி நிக்க வைப்பாங்கல்ல அந்த மாதிரி, அதிக லோடுல (அந்த மணி நேரத்துல தேவைப்படற கரண்ட்) இருந்து கம்மி லோடு வரைக்கும் வரிசையா நிக்க வச்சிடும். நிலக்கரி, டீசல்னா இது போதும், எப்ப வேணாலும் ஓட்டலாம். ஆனா வரிசை மாறினதும் கடிகாரம் தொலைஞ்சு போச்சு பாருங்க, காலைல பத்து மணியும் ராத்திரி பத்து மணியும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். சோலாரை வெளியிலயே கழிச்சிட்டு மிச்ச லோட உள்ள குடுத்து ஒப்பேத்தலாம், பேட்டரிய என்ன பண்றது? மதியம் ஏத்தி, சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட் போடறப்ப எறக்கணும், மதியத்துக்கு அப்புறம் சாயங்காலம் வரும்னே தெரியாத மாடலுக்கு பேட்டரி வெட்டிச் செலவாத்தான் தெரியும்.

காசு விஷயமும் இருக்கு. டைம்ஸ் ஓட்ட பொதுவா லைசென்ஸ் வாங்கின சாஃப்ட்வேர் வேணும், ஓசமாசிஸ்னு இன்னொரு மாடல் ஓபன் சோர்ஸ், கணக்கைத் தீர்க்கற இலவச சாஃப்ட்வேர்லயே (சால்வர்) ஓடும், காலேஜ் பசங்க லேப்டாப்ல கூட பழகிக்கலாம்.

ஆனா எத எடுத்தாலும் உள்ள போடற நம்பர் வேணுமே. தமிழ்நாட்ல 20 லட்சத்துக்கு மேல பம்ப்செட்டுக்கு இலவச கரண்ட், பாதிக்கு மேல மீட்டரே கிடையாது, சாம்பிள் எடுத்து உத்தேசமாத்தான் சொல்றாங்க. அந்த உத்தேசத்துல விட்டுப்போன யூனிட்ட எந்த மாடலும் கண்டுபிடிச்சுக் குடுக்காது, மோட்டார் ரூம் வாசல்ல போய் நின்னாத்தான் உண்டு.