தேனா, தேனீயா? வரிசைதான் சொல்லும்

மாண்டரின் சீனத்தில் 'மி' என்றால் தேன். 'ஃபெங்' என்றால் தேனீ, குளவி வகைப் பூச்சி. 'மிஃபெங்' என்று சேர்த்தால் தேனீ. அதையே மாற்றிப்போட்டு 'ஃபெங்மி' என்றால், அந்தப் பூச்சி சேர்த்து வைத்த தேன். உருபும் இல்லை, விகுதியும் இல்லை. பின்னால் நிற்பது பொருள், முன்னால் நிற்பது அதற்கு அடை. அவ்வளவுதான்.

சரி, பூச்சியைச் சொல்ல 'ஃபெங்' மட்டும் போதாதா? காதுக்குப் போதாது. தொனியை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, விட்டுவிட்டு எண்ணினால் மாண்டரினில் இருப்பவை சுமார் 400 அசைகள். தொனிகளைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 1,300தான். காற்றும் 'ஃபெங்', சிகரமும் 'ஃபெங்', தொனிகூட ஒன்றே! எழுத்து வேறு என்பதால் படிப்பவருக்குக் குழப்பமில்லை. கேட்பவர் என்ன செய்வார்? அதனால் பூச்சிக்கு முன்னால் தேன் வந்தது. சிகரத்துக்கு முன்னால் மலை வந்து 'ஷான்ஃபெங்' ஆனது. பழஞ்சீனத்தில் ஓரசைச் சொற்களே அதிகம். காலப்போக்கில் ஒலிகள் தேய்ந்து ஒன்றுபோல ஆனது ஈரசைச் சொற்கள் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தொகைநிலைத் தொடர்களைப் பள்ளியில் படித்த நமக்கு இது அவ்வளவு அந்நியமல்ல. பெய்ஜிங்கின் பேர்போன வாத்து ரோஸ்ட்டுக்குப் பெயர் 'காவ்யா': சுடு, வாத்து. 'ஃபெய்ஜி' என்றால் பற, இயந்திரம், அதாவது விமானம். காலம் காட்டாத வினை பெயரோடு ஒட்டி நிற்கிறது, நம் ஊறுகாயைப் போல.

எனக்கு மிகவும் பிடித்தவை எதிர்ச்சொல் ஜோடிகள். பெரிது, சிறிது என்பவை சேர்ந்து 'தாஷியாவ்': அளவு. திற, மூடு சேர்ந்து 'காய்குவான்': மின்விளக்கின் சுவிட்ச்! சுவிட்ச் என்பது திறப்பதுமல்ல, மூடுவதுமல்ல. இரண்டையும் செய்யும் மூன்றாவது பொருள். உயிரும் மெய்யும் சேர்ந்த எழுத்தை 'உயிர்மெய்' என்கிறோமே, அதே அன்மொழித்தொகைதான்.

ஆனால் ஓரிடத்தில் சீனம் நம்மை விட்டு விலகிப் போகிறது. 'ஜியெஹுன்' என்றால் திருமணம் செய்துகொள்வது; முடிச்சிடு, திருமணம் என்று இரண்டு துண்டு. இரண்டு முறை மணமுடித்தவரைப் பற்றிப் பேசும்போது சொல் நடுவில் பிளந்துகொள்ளும்: 'ஜியெ குவோ லியாங் த்ஸ ஹுன்'. 'செய்திருக்கிறார்' என்பதைக் காட்டும் 'குவோ'வும், 'இரண்டு தடவை' என்பதும் உள்ளே புகுந்துவிட்டன. அப்படியென்றால் இது ஒரு சொல்லா, இரண்டா? இலக்கண அறிஞர்களிடையே வாதம் உண்டு. இவற்றுக்குச் சீனத்தில் உள்ள பெயர் 'லிஹெத்ஸ': பிரி, சேர், சொல்.