ரவுட்டரின் திறப்பு யாரிடம்?

போன மாதம் கோண்டாவிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். அம்மா தனிய இருக்கிறா, மகன் கனடாவில். விறாந்தைக் கமராவில்தான் மகன் தாயைத் தினமும் பார்க்கிறார். “நெற் சரியான ஸ்லோ தம்பி, பிள்ளை கோல் எடுத்தால் கதை விளங்குதில்லை” என்றா.

ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த அட்மின் கடவுச்சொல்லை, அதாவது ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் சொல்லை, அடித்தேன். உடனே திறந்தது. பூட்டிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை. இணைந்திருந்த கருவிகள் 11. அம்மாவிடம் இருப்பதோ ஒரு போன், ஒரு ரீவி, அந்தக் கமரா. மிச்சம் பக்கத்து வீட்டுப் பெடியளின் போன்கள். படிக்கக் கேட்டார்களாம், கொடுத்துவிட்டா.

“எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது. பூட்ட வந்த பெடியன் லைற் எரியுது எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான்.”

இணைப்புக் கொடுத்த கம்பனிக்குக் கோல் எடுத்தேன். வீட்டுக்குள் நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது. பல இணைப்புகளில் ரவுட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் வழி கம்பனியிடம்தான் இருக்கிறது. அப்டேற் போடும் பக்கத்தை வீட்டுக்காரருக்குப் பூட்டியும் வைத்திருப்பார்கள். திறப்பை வைத்திருப்பவர்தானே படலைக்குப் பொறுப்பு?

2016 நவம்பரில் ஜேர்மனியில் டொய்ச்ச ரெலிகொம்மின் ஏறக்குறைய 9 இலட்சம் வாடிக்கையாளரின் இணைப்புகள் குழம்பின. தூரப் பராமரிப்புக்கான வழியைக் குறிவைத்து வந்த தாக்குதல் அது. கம்பனி திருத்திய மென்பொருளை வெளியிட்டது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியிருந்தது ரவுட்டரை நிறுத்திப் போடுவது மட்டும். அதற்கு முந்தைய மாதம் மிராய் என்ற தீநிரல், 60க்குச் சற்று மேற்பட்ட தொழிற்சாலையிலேயே போட்டுவிடும் கடவுச்சொற்களை மாறி மாறிப் போட்டுப் பார்த்தே பிடித்த கமராக்களையும் ரவுட்டர்களையும் கொண்டு, இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கியது. அன்று டுவிட்டரும் நெற்பிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கமராக்காரரில் எத்தனை பேர் அதை அறிந்திருப்பார்கள்? பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாருக்கும் ஒரே மாதிரியான கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பதைத் தடை செய்திருக்கிறது. கடமை அங்கே தயாரிப்பவர்மேலும் விற்பவர்மேலும் விழுகிறது. இலங்கைக்கும் அது வேண்டும்.

ஆனால் வைபை கடவுச்சொல்லை யாருக்குக் கொடுப்பது என்பது முழுக்க எங்கள் கையில். அம்மாவின் மனம் நல்ல மனம், அதைக் குறை சொல்லமாட்டேன். அட்மின் கடவுச்சொல்லையும் வைபை கடவுச்சொல்லையும் மாற்றி, பெடியளுக்கு விருந்தினர் வைபை ஒன்றைத் தனியாகத் திறந்துவிட்டேன். அவர்களின் படிப்பும் கெடாது, கமரா இருக்கும் பக்கத்துக்கு அவர்களின் போன்கள் போகவும் மாட்டா. வெளியிலிருந்து அட்மின் பக்கம் திறப்பதை நிறுத்தினேன். வைபை கடவுச்சொல் இல்லாமலே பொத்தானாலோ குறுகிய எண்ணாலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியையும் நிறுத்தினேன். மகனுக்கு வாட்ஸ்அப் எடுத்துக் கமராவின் கடவுச்சொல்லையும் மாற்றுவித்தேன். புதியவற்றைக் கொப்பியில் எழுதிக் கொடுக்க, அம்மா அதைக் காணி உறுதியோடு அலுமாரிக்குள் வைத்தா.

புது இணைப்பு எடுக்கிறவர்கள், பூட்ட வருபவர் வெளிக்கிட முன்னம் மறித்துக் கேளுங்கள்: அட்மின் கடவுச்சொல்லை என் முன்னால் மாற்றித் தருவீர்களா? அப்டேற் யார் போடுவது, எத்தனை வருடத்துக்கு? அவருக்குத் தெரியாவிட்டால் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.