மேரியனெட்: நூலில் ஆடும் பாவை

மேடைக்கு மேலே குறுக்காகப் போட்ட பலகையில் ஆட்டுபவர் நிற்பார். அவர் கையில் ஒரு மரக்கட்டை, அதிலிருந்து நூல்கள் இறங்கும். தலைக்கு 2, தோளுக்கு 2, கைக்கு 2, முழங்காலுக்கு 2, முதுகுக்கு 1 என்று பொதுவாக 9 நூல். இப்படி ஆடும் பொம்மைதான் மேரியனெட்.

சொல் பிரெஞ்சுக்காரர்களுடையது. மேரி என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் மரியோன், அதையும் சுருக்கினால் மேரியனெட். சின்னஞ்சிறு மேரி! பிரெஞ்சில் எல்லாப் பொம்மலாட்டப் பொம்மைக்கும் இதே பெயர். ஆங்கிலத்தில் நூலில் ஆடுவதற்கு மட்டும் என்று குறுகிவிட்டது.

1662-இல் லண்டன் கோவன்ட் கார்டனில் ஓர் இத்தாலியர் நடத்திய ஆட்டத்தைப் பார்த்ததாக சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதன் நாயகன்தான் பின்னாளில் நூலை விட்டு, கையில் உறைபோல மாட்டி ஆட்டும் 'பஞ்ச்' பொம்மை ஆனான். 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹோல்டன் போன்ற பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களின் குழுக்கள் வெளிநாடுகளிலும் பேர் வாங்கின. அப்புறம் சினிமா வந்தது, ஆட்டம் படுத்துவிட்டது.

அதை எழுப்பியவர்களில் பலர் பரம்பரை ஆட்டக்காரர்கள் அல்லர், ஆர்வலர்கள். 1923-இல் வான்ஸ்லா என்ற ஓவியர் வீட்டிலேயே பொம்மை அரங்கு செய்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைத் தொட்டு 1925-இல் பிரிட்டிஷ் பொம்மலாட்டக்காரர்களுக்கென ஒரு சங்கம் பிறந்தது. பிறகு அவரும் வால்டோ லான்செஸ்டரும் லண்டன் மேரியனெட் தியேட்டரைத் தொடங்கினார்கள். லான்செஸ்டர் இங்கிலாந்தின் மால்வர்ன் ஊரில் தனி அரங்கு வைத்தபோது நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அவருக்காகவே ஒரு குறுநாடகம் எழுதித் தந்தார் (1949). ஷேக்ஸ்பியரும் ஷாவும் பொம்மைகளாக வந்து குத்துச்சண்டை போடுவார்கள். தொண்ணூறைத் தாண்டிய மனிதரின் குறும்பு!

1946-இல் மஃபின் என்ற கோவேறு கழுதை பிபிசி தொலைக்காட்சியில் பியானோ மீது நூலில் ஆடியது. 1961-இல் ஜான் ரைட் லண்டன் இஸ்லிங்டனில், பாழடைந்து கிடந்த மதுவிலக்கு இயக்க மண்டபம் ஒன்றை லிட்டில் ஏஞ்சல் தியேட்டர் ஆக்கினார். 1965-இல் வந்த தண்டர்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் நூலுக்குப் பதில் மெல்லிய கம்பி. அதன் வழியே மின்சாரம் போய் உதடு அசைந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொம்மலாட்டம் என்றால் பஞ்சும் அதில் அடங்கிவிடுவான். போதாததற்கு, கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் நூலோடு, பொம்மையின் கையை ஆட்ட இரும்புக் கம்பியும் உண்டு. எனக்குப் பிடித்தது பாவை. பொம்மை, பெண், கண்மணி மூன்றுக்கும் நம்மிடம் பாவை ஒன்றே. ஆங்கிலப் 'பப்பெட்'டின் வேரான லத்தீன் 'பூப்பா'வும் சிறுமி, பொம்மை இரண்டையும் குறிக்கும், அதிலிருந்து வந்த 'பியூப்பில்' கண்மணி. நூலுக்கோ வள்ளுவரே சாட்சி: "மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று" (குறள் 1020). நாண் என்றால் கயிறு.

ஆகவே நூல்பாவை. புணர்ச்சி விதிப்படி நூற்பாவை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இலக்கணம் படித்தவர்கள் அதை நூற்பா (சூத்திரம்)+ஐ என்று பிரித்துத் தொல்காப்பியத்துக்குப் போய்விடுவார்கள். விதியைக் கொஞ்சம் தளர்த்தி நூல்பாவை என்றே எழுதலாம்.