அபாலிஷன்: ‘அடிமை ஒழிப்பு’ என்று எழுதலாமா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘அபாலிஷன்’ (abolition) என்ற ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ‘அடிமை ஒழிப்பு’ என்றே வருகிறது. தமிழில் ‘அடிமை’ என்பது நிலையையும் குறிக்கும், அந்த நிலையில் இருக்கும் ஆளையும் குறிக்கும். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் கிழவர் காட்டும் ஓலை ஆளைத்தான் அடிமை என்கிறது. அதனால் ‘அடிமை ஒழிப்பு’ என்றால் அந்த ஆட்களையே ஒழிப்பது என்றும் படிக்கலாம். மேரிலாந்தில் அடிமையாக இருந்து 1838இல் தப்பி வந்து, அடிமைமுறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய ஃபிரெடரிக் டக்ளஸை ‘அடிமை ஒழிப்பாளர்’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. ‘அடிமைமுறை ஒழிப்பு’, ‘அடிமைமுறை ஒழிப்பாளர்’ என்று எழுதுவதே சரி. ஜமீன்தாரி ஒழிப்பு, தீண்டாமை ஒழிப்பு என்று ஏற்கெனவே பழகிய வழிதான் இது.

‘அபாலிஷன்’ என்பதன் மூலம் லத்தீன். ‘அபொலேரெ’ என்றால் இல்லாமல் செய்வது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வெகுகாலம் எந்தச் சட்டத்தை, எந்த வழக்கத்தை நீக்கினாலும் சொல்லும் பொதுச்சொல்லாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்களால் அதற்குத் தனிப்பொருள் வந்தது. அங்கே 1807ஆம் ஆண்டுச் சட்டம் வணிகத்தை மட்டுமே தடுத்தது. 1833இல்தான் அடிமைமுறையையே நீக்கச் சட்டம் வந்தது, அதிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இன்னும் கூர்மையான பொருள். 1831 ஜனவரி 1 அன்று பாஸ்டனில் வில்லியம் லாயிட் காரிசன் ‘லிபரேட்டர்’ இதழைத் தொடங்கினார். உடனடி விடுதலை, எசமானர்களுக்கு இழப்பீடு கிடையாது: இதுதான் அவர் அணியின் கோரிக்கை. இதைக் கேட்டவர்களே அபாலிஷனிஸ்டுகள். வடக்கிலும் அவர்கள் சிறுபான்மைதான். இல்லினாய் மாநிலத்தில் அடிமைமுறைக்குச் சட்டத் தடை உண்டு. ஆனாலும் அங்கே ஆல்ட்டன் ஊரில் அடிமைமுறையை எதிர்த்து எழுதிய எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகை ஆசிரியருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அவருடைய அச்சு இயந்திரங்கள் மூன்றை ஏற்கெனவே கும்பல்கள் நாசம் செய்திருந்தன. நான்காவது இயந்திரம் மிசிசிப்பி ஆற்றங்கரைக் கிடங்கில் வந்து இறங்கியது. 1837 நவம்பர் 7 இரவு கும்பல் கிடங்குக்குத் தீ வைக்க முயன்றது, தடுக்க வெளியே வந்த லவ்ஜாய் சுட்டுக் கொல்லப்பட்டார். இயந்திரத்தை உடைத்து ஆற்றில் எறிந்தார்கள்.

நம் எழுத்துகளில் பெரிய குழப்பம் லிங்கனிடம்தான் வருகிறது. போருக்கு முன் அவர் அபாலிஷனிஸ்ட் அல்லர். 1854ஆம் ஆண்டின் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம், குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று புதிய பிரதேசங்களை அடிமைமுறைக்குத் திறந்துவிட்டது. கன்சாஸில் ரத்தம் சிந்தியது. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பிறந்த குடியரசுக் கட்சி, அடிமைமுறை இனிப் பரவக் கூடாது என்றது. அது ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் கைவைக்கும் நோக்கம் தனக்கு இல்லை என்று 1861 மார்ச் 4 அதிபர் பதவியேற்பு உரையிலேயே அந்தக் கட்சியின் லிங்கன் சொன்னார். இந்த நிலைப்பாட்டுக்கு ‘அடிமைமுறைப் பரவல் எதிர்ப்பு’ என்ற பெயரே பொருந்தும்.

தென்மாநிலங்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. பரவலைத் தடுத்தாலே காலப்போக்கில் முறையே செத்துவிடும் என்று அஞ்சி, இரு தரப்பையும் ஒரே பெயரால் ஏசின. அடிமைமுறைக்குப் பகையான கருத்துடையவர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார் என்பதையே பிரிவதற்கு ஒரு காரணமாக 1860 டிசம்பரில் தென் கரோலினா எழுதி வைத்தது. இன்று நாமும் லிங்கனையும் காரிசனையும் ஒரே சொல்லில் அடைத்தால், 1860 அதிபர் தேர்தலில் எதைப் பற்றிச் சண்டை நடந்தது என்பதே வாசகருக்குப் புரியாமல் போகும்.

‘எமான்சிபேஷன்’ (emancipation) என்ற சொல் வேறு. ரோமானியச் சட்டத்தில் தந்தையின் அதிகாரத்திலிருந்து மகனை விடுவிப்பதற்கு வழங்கிய சொல் அது. தமிழில் ‘விடுவிப்பு’ அல்லது ‘விடுதலை’ போதும். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளில் இருந்த அடிமைகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தை விட்டுப் பிரியாத கென்டக்கியிலும் டெலவேரிலும் அதற்குப் பிறகும் மனிதர்கள் சட்டப்படி உடைமையாகவே இருந்தார்கள். அங்கும் அந்த முறையைச் சட்டத்தால் நீக்கியது 1865 டிசம்பரில் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம். ‘ஒழிப்பு’ என்ற சொல்லை அந்தத் திருத்தத்துக்குத்தான் எழுத வேண்டும்.